இப்போதா, பாதியா, பிறகா: எதை எந்த வயதில் பிள்ளைகளுக்குக் கொடுப்பது?

டீ எந்த வயதில் கொடுக்கலாம்? ரோலர் கோஸ்டரில் ஏற்றலாமா? தனியாகப் பஸ்ஸில் அனுப்பலாமா? போன் எப்போது வாங்கித் தருவது? சிங்கப்பூரில் பிள்ளைகள் இருக்கும் நம் வீடுகளில் இந்தக் கேள்விகள் ஓய்வதே இல்லை. ஜூன் விடுமுறையும் ஆண்டு இறுதி விடுமுறையும் வந்துவிட்டால் இன்னும் கூடும். சித்தப்பா பிள்ளைகள், மாமா பிள்ளைகள் எல்லாரும் ஒரே வீட்டில் கூடுவார்கள். ஒருவனுக்கு எட்டு வயதில் கிடைத்தது இன்னொருத்திக்குப் பத்து வயதிலும் கிடைக்கவில்லை என்பது அன்று சாயங்காலமே தெரிந்துவிடும்.

பெற்றோர் பலர் எதிர்பார்ப்பது ஒரு எண்ணைத்தான். "ஏழா, பத்தா, பன்னிரண்டா, அதை மட்டும் சொல்லுங்க" என்பார்கள். எண் சொல்லக்கூடிய இடங்கள் உண்டு, அங்கே சொல்கிறேன். மற்றபடி எந்த விஷயத்திலும் நம் முன்னால் இருப்பவை மூன்று வழிகள். இப்போதே முழுசாகக் கொடுத்துவிடலாம். இப்போதே, ஆனால் அளவு குறைத்து, கூட இருந்து கொடுக்கலாம். அல்லது இன்ன வயது வரை கிடையாது என்று சொல்லிவிட்டுப் பொறுத்திருக்கலாம்.

என் எண்ணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கண்டிப்பு காட்ட வேண்டிய இடமும் தாராளம் காட்ட வேண்டிய இடமும் பல வீடுகளில் மாறிக் கிடக்கின்றன. பத்து வயதுப் பிள்ளையை மூன்று நிறுத்தம் தள்ளியிருக்கும் நூலகத்துக்குத் தனியாக அனுப்பப் பயப்படுகிறோம். இரண்டு வயதுப் பிள்ளை ஒரு வாய் சோறு வாங்க வேண்டும் என்பதற்காக யூடியூபைக் கையில் கொடுத்துவிடுகிறோம். இது எனக்கு உண்மையிலேயே கவலை தருகிறது.

## எதை வைத்து அளப்பது

நான் முதலில் பார்ப்பது, கொடுத்ததைத் திரும்ப வாங்க முடியுமா என்பதை. ரோலர் கோஸ்டர் சில நிமிடத்தில் நின்றுவிடும். பிடிக்காவிட்டால் அடுத்த முறை ஏற வேண்டாம். போன் அப்படியில்லை, கொடுத்துவிட்டுப் பிடுங்கினால் வீடு ரெண்டுபடும். ஒரு கொடூரமான காட்சியைப் பார்த்துவிட்ட பிள்ளையின் மனசிலிருந்து அதை எடுக்க யாராலும் முடியாது. மற்ற அளவுகோல்கள் எல்லாம் இதற்குப் பிறகுதான்.

அடுத்து உடம்பு. இதில் வயதைவிட எடையும் உயரமும் பேசும் இடங்கள் அதிகம். வயதே பேசும் இடங்களும் உண்டு. ஒரு வயதுக்குள் தேன் கூடவே கூடாது, நாக்கில் தொட்டு வைப்பதும் வேண்டாம். அதில் இருக்கக்கூடிய கிருமியைச் சமாளிக்கும் வலு பச்சைக் குழந்தையின் குடலுக்கு இல்லை. முழு முந்திரி, முழு வேர்க்கடலை ஐந்து வயது வரை தள்ளி இருக்கட்டும்; மூச்சுக்குழாயில் சிக்கும். இவற்றில் பேச்சுக்கே இடமில்லை.

மூன்றாவது, ஏதாவது தப்பு நடந்தால் பிள்ளைக்கு என்ன செய்யத் தெரியும்? நான்காவது, இதைக் கேட்பது யார்? பிள்ளையா, நாமா? படம் எடுத்துக் குடும்பக் குழுவில் போட வேண்டும் என்ற ஆசை நம்முடையது என்றால் பிள்ளையின் பெயரைச் சொல்லக் கூடாது. கடைசியாகச் செலவு. பணம் மட்டும் அதில் சேராது. நம் நேரமும், பார்த்துக்கொண்டு நிற்கும் தம்பி தங்கையும் சேர்த்திதான்.

## முதல் வழி: இப்போதே, முழுசாக

தானாக முடிந்துவிடுவது, உடம்பு தாங்கக்கூடியது, தப்பு நடந்தாலும் ஒரு சிராய்ப்போடு போய்விடுவது எல்லாம் இந்த வகை. மழையில் நனைவது, ஈஸ்ட் கோஸ்ட் மணலில் புரள்வது, சாங்கி பாயிண்ட்டில் பம்போட் என்ற சிறு படகில் ஏறி புலாவ் ஊபின் தீவுக்குப் போவது. தாவரவியல் பூங்காவில் உள்ள ஜேக்கப் பல்லாஸ் சிறுவர் தோட்டத்துக்குக் கட்டணமே கிடையாது. 14 வயது வரையிலான பிள்ளைகளுக்காகவே அமைத்தது. பெரியவர்கள் பிள்ளையோடு வந்தால்தான் உள்ளே போக முடியும். இதற்கெல்லாம் "இன்னும் கொஞ்சம் வளரட்டும்" என்று தள்ளிப்போடுவதில் ஒரு லாபமும் இல்லை.

தீம் பார்க்கும் இந்த வகைதான் என்று நினைத்து மூன்று வயதுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு செந்தோசாவுக்குப் போகிறவர்கள் உண்டு. யூனிவர்சல் ஸ்டூடியோஸில் 4 வயதுக்குக் கீழே டிக்கெட் தேவையில்லை என்பதும் ஒரு காரணம். 4 முதல் 12 வரை சிறுவர் கட்டணம். ஆனால் உள்ளே போன பிறகு வயதை யாரும் கேட்பதில்லை, உயரத்தைத்தான் பார்க்கிறார்கள். டிரான்ஸ்ஃபார்மர்ஸ் சவாரிக்கு 102 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். மம்மி சவாரிக்கு 122. பேட்டில்ஸ்டார் கலாக்டிகா ரோலர் கோஸ்டருக்கு 125. உலகச் சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணையை வைத்துப் பார்த்தால், நடுத்தர உயரமுள்ள பிள்ளை 102-ஐத் தொடுவது நான்கு வயது வாக்கில், 125-ஐத் தொடுவது ஏழரை வயது வாக்கில்.

அதாவது ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைக்குச் சிறுவர் கட்டணம் கட்டி உள்ளே போனாலும், பிள்ளை ஆசைப்பட்டு வந்த பெரிய சவாரிகளில் ஏற முடியாது. அண்ணன் ஏறுவான், அப்பா கூடப் போவார், அம்மாவும் சின்னவளும் வெயிலில் நிற்பார்கள். அளவுப் பலகைக்கு முன்னால் வரும் பிள்ளை குதிகாலை மெல்ல உயர்த்திக்கொண்டு நிற்கும். ஊழியர் புன்னகையோடு காலைத் தரையில் வைக்கச் சொல்வார். ஒரு விரற்கடை குறைந்தாலும் அனுப்ப மாட்டார், அனுப்பவும் கூடாது. டிக்கெட் வாங்கும் முன் வீட்டுச் சுவரில் பென்சிலால் ஒரு கோடு போட்டு அளந்துவிடுங்கள். அந்த அழுகையில் பாதி மிச்சம்.

உயரம் எட்டிவிட்டது என்பதற்காகத் தள்ளி ஏற்றவும் கூடாது. வரிசையில் நின்றிருக்கும்போதே கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு "வேணாம்மா" என்கிற பிள்ளையைத் திருப்பிக் கூட்டி வருவதுதான் சரி. கொடுத்த காசுக்காக ஏற்றிவிட்டால் அடுத்த சில வருஷத்துக்கு அந்தப் பக்கமே வராது.

நைட் சஃபாரி என்ற இரவு விலங்குத் தோட்டத்தில் சிக்கல் வேறு. இரவு 7.15-க்குத்தான் திறக்கிறார்கள். எட்டரை மணிக்குத் தூங்கும் பிள்ளை டிராம் வண்டியில் பாதி வழியிலேயே மடியில் சாய்ந்துவிடும். ஆறு வயது வரை பொறுத்தால் போதும். அதுவரை பகலில் அதே மண்டாயில் பறவைகள் சொர்க்கம் இருக்கிறது, 3 வயதுக்குக் கீழே இலவசம்.

## இரண்டாம் வழி: அளவோடு, கூட இருந்து

எனக்கு மிகவும் பிடித்த வழி இதுதான். நிறைய விஷயங்களுக்கு இதுதான் பொருந்தும். ஆனால் பெற்றோரின் நேரத்தை அதிகம் கேட்பதும் இதுவே. "கிடையாது" என்று சொல்ல ஒரு நொடி போதும், "சரி, கொடு" என்று சொல்லவும் ஒரு நொடி போதும். கூட நின்று பழக்க மாதக்கணக்கில் ஆகும்.

### டீ, காப்பி, பபிள் டீ

நம் வீடுகளில் முதல் சண்டை பெரும்பாலும் டீயில்தான் தொடங்குகிறது. தாத்தா காப்பிக் கடையில் ஒரு தே வாங்கி, சாஸரில் ஊற்றி, ஊதி ஊதி ஆற்றி, பேரனுக்கு ஒரு வாய் கொடுப்பார். "ஒரு வாய்தானே, பிள்ளைக்கு என்ன ஆகிடப்போகுது" என்பார். அந்த ஒரு வாயில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. தினமும் ஒரு கப் என்று ஆகும்போதுதான் கணக்குப் போட வேண்டியிருக்கிறது.

கனடாவின் சுகாதாரத் துறை பிள்ளைகளுக்குச் சொல்லும் உச்ச அளவு, உடல் எடையில் கிலோவுக்கு 2.5 மில்லிகிராம் கஃபீன், ஒரு நாளைக்கு. 20 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு அது 50 மில்லிகிராம். கடையில் கெட்டியாக ஊற்றும் ஒரு கப் டீயே அதைத் தொட்டுவிடும். காப்பி என்றால் தாண்டியே விடும். மேலே ஊற்றும் இனிப்புக் கட்டிப்பாலின் சர்க்கரை தனி. இன்னொன்றும் இருக்கிறது. சாப்பாட்டோடு குடிக்கும் டீ, பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்புச் சத்து உடம்பில் சேருவதைக் குறைக்கும். சைவச் சாப்பாடு மட்டுமே உள்ள வீடுகளில் இதைச் சும்மா விட முடியாது.

சரி, பாதி வழி எப்படி இருக்கும்? வீட்டில் பால் நிறைய, டிகாஷன் ஒரு ஸ்பூன், சனி ஞாயிறு காலையில் மட்டும். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் தள்ளி. கடையில் என்றால் சர்க்கரை குறைத்து 'சியூ தாய்' என்றோ, சர்க்கரையே இல்லாமல் 'கோசோங்' என்றோ பிள்ளையே சொல்லி வாங்கட்டும். கையில் இரண்டு வெள்ளியைக் கொடுத்து வரிசையில் நிற்க விடுங்கள். மிச்சக் காசை எண்ணி வாங்கிக்கொண்டு, கப் தளும்பாமல் நடந்து வரும்போது பிள்ளையின் முகத்தைப் பாருங்கள். அது ஏங்கியது அந்தக் கப்புக்கு மட்டுமே என்று தோன்றாது. பெரியவர்கள் உட்காரும் மேசையில் நமக்கும் ஒரு இடம் கிடைத்தது என்பதில்தான் பாதி சந்தோஷம். சூடான மைலோவை வைத்தும் இதைச் செய்யலாம், ஆனால் மைலோ என்றால் சத்துதான் என்று சர்க்கரையை மறந்துவிடாதீர்கள்.

பபிள் டீக்கு நான் கொஞ்சம் கண்டிப்பு. அதில் போடும் ஜவ்வரிசி முத்துகள் வழுக்கிக்கொண்டு ஸ்ட்ரா வழியாக வேகமாக வரும். நான்கு, ஐந்து வயது வரை மூச்சடைக்கும் அபாயம் உண்டு. பெரிய பிள்ளைகளுக்குப் பிரச்சினை சர்க்கரை. 2023 டிசம்பர் 30 முதல் கடையில் அப்போதைக்கப்போது தயாரிக்கும் பானங்களுக்கும் நியூட்ரி கிரேட் தரம் வந்துவிட்டது. 100 மில்லிலிட்டரில் 10 கிராமுக்கு மேல் சர்க்கரை இருந்தால் 'டி', அதாவது கடைசித் தரம். அந்தத் தரத்தில் முத்துகளின் சர்க்கரை சேராது என்பதைக் கவனியுங்கள். பத்து வயதில் வழக்கமான இனிப்பில் 25 விழுக்காடு, முத்து இல்லாமல், சின்னக் கப், எப்போதாவது ஒரு முறை: இது எனக்குச் சரியாகப் படுகிறது.

### தனியாகப் பஸ்ஸில்

திரும்ப வாங்க முடியுமா என்ற கேள்வியில் பஸ் பயணம் முழு மதிப்பெண் வாங்கிவிடும். இன்று சரிப்படவில்லை என்றால் நாளையே நிறுத்திக்கொள்ளலாம். கற்றுக்கொண்டதோ ஆயுசுக்கும் கூட வரும். ஆனாலும் இதைத்தான் நாம் அதிகம் தள்ளிப்போடுகிறோம். தொடக்கநிலை 3, 4-இல் தொடங்கலாம் என்பது என் கணிப்பு. பிள்ளை சாலையைக் கடக்கும் விதத்தைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். உண்மையான ஆபத்து பஸ்ஸுக்குள் இல்லை, இறங்கிய பிறகு வரும் சாலையில்தான். பெரிய சாலையைக் கடக்கத் தேவையில்லாத ஒரு வழியை முதலில் தேர்ந்தெடுப்பது நல்லது.

என் மகளுக்கு நான் பழக்கியது இப்படி. முதலில் அவள் முன்னால், நான் பின்னால். எந்த எண் பஸ், எப்போது கையைக் காட்டி நிறுத்துவது, அட்டையை எங்கே தட்டுவது, எப்போது மணியை அழுத்துவது, எல்லாம் அவள் முடிவு. நான் வாயைத் திறக்கவில்லை. ஒரு நாள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்ததில் இறங்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டாள். அடுத்த நிறுத்தத்தில் இறங்கினாள். கம்பத்தில் எழுதியிருந்ததைப் பார்த்தாள், கொஞ்ச நேரம் யோசித்தாள், எதிர்ப்பக்கத்து நிறுத்தத்துக்கு எப்படிப் போவது என்று சிக்னலைத் தேடினாள். சொல்லிக் கொடுத்திருந்தால் அவ்வளவு பதிந்திருக்காது. அடுத்த கட்டத்தில் நான் மேல்தளத்தில், அவள் கீழே. அப்புறம் அவள் மட்டும் பஸ்ஸில், நான் இறங்கும் இடத்தில்.

பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டியவை சில உண்டு. சிங்கப்பூரில் ஒவ்வொரு பஸ் நிறுத்தத்துக்கும் ஐந்து இலக்க எண் இருக்கிறது. வழி தவறினால் அந்த எண்ணைப் படித்துச் சொன்னால் போதும், எங்கே நிற்கிறது என்று நமக்குத் துல்லியமாகத் தெரிந்துவிடும். அடுக்குமாடி புளோக் எண்ணும் அப்படித்தான். எம்ஆர்டி நிலையம் என்றால் பயணிகள் சேவை நிலையத்துக்குப் போக வேண்டும். தொலைந்ததாகத் தோன்றினால் நடந்துகொண்டே இருக்கக் கூடாது, நின்ற இடத்தில் நிற்க வேண்டும். எண்ணைச் சொல்ல ஒரு போன் வேண்டுமே என்பீர்கள், அதைப் பிறகு சொல்கிறேன்.

பஸ் வேண்டாம் என்று தனியார் வாடகை கார் பிடிக்கும் வீடுகளுக்கு ஒரு வார்த்தை. 1.35 மீட்டருக்குக் குறைவான பிள்ளைக்கு அதில் பூஸ்டர் போன்ற சிறுவர் இருக்கை சட்டப்படி தேவை. டாக்சிக்கு விலக்கு உண்டு, தனியார் வாடகை காருக்குக் கிடையாது.

### மத்தாப்பும் பால்குடமும்

பட்டாசு 1972-லிருந்தே இங்கே தடை. அதனால் சிங்கப்பூர்த் தீபாவளியில் கேள்வி கம்பி மத்தாப்போடு நின்றுவிடுகிறது. அதன் நுனி ஏறக்குறைய 1,000 டிகிரி வரை சூடாகும். ஐந்து வயதுக்குக் கீழே கையில் கொடுக்க வேண்டாம். அதற்கு மேலும் பருத்திச் சட்டை, காலில் செருப்பு, பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர். எரிந்து முடிந்த கம்பியைக் கீழே போட்டுவிட்டால் அடுத்த பிள்ளை மிதிக்கும். வாளியில் போடப் பழக்குங்கள். தீபாவளிக்கு ஊருக்குப் போகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அங்கே எட்டு வயதுப் பிள்ளைகள் அணுகுண்டு வெடிப்பார்கள், நம் பிள்ளைக்குப் பழக்கமே இருக்காது.

தைப்பூசத்துக்கு "நானும் பால்குடம் எடுக்கிறேன்" என்று பிள்ளை கேட்டால் மனசு நிறைந்துவிடும். யோசிக்காமல் சரி சொல்லத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். சிராங்கூன் சாலை ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து தேங்க் ரோடு ஸ்ரீ தெண்டாயுதபாணி கோயில் வரை 3 கிலோமீட்டருக்கு மேல், வெறுங்காலோடு. தொடங்கும் முன்பே வரிசையில் காத்திருக்க வேண்டும். தார்ச்சாலை ஏறு வெயிலில் கொதிக்கும். ஏழு வயதுப் பிள்ளைக்கு முதல் வருஷம் குடமில்லாமல் நம்மோடு நடப்பதே போதும், அதுவும் நள்ளிரவையோ விடிகாலையையோ ஒட்டிய நேரத்தில். அந்த வருஷம் முழு தூரமும் சிணுங்காமல் நடந்தால் அடுத்த வருஷம் சின்னக் குடம். விரதத்தைப் பிள்ளைக்கு ஏற்ற மாதிரி குறைத்துக்கொள்ளுங்கள். சைவம் மட்டும் சாப்பிட்டு, வேளா வேளைக்குச் சாப்பிட்டால் முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

## மூன்றாம் வழி: பிறகுதான்

கொடுத்தால் திரும்ப வாங்க முடியாதவை எல்லாம் இங்கே. இங்கே ஒரு வயதை முன்கூட்டியே சொல்லிவிடுவது பெரிய உதவி. "பார்க்கலாம்" என்ற பதில்தான் தினமும் புதுச் சண்டையைக் கிளப்பும்.

ஸ்மார்ட்போனுக்கு முதலிடம். சுகாதார அமைச்சு 2025 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டி தெளிவாக இருக்கிறது. 18 மாதத்துக்குக் கீழே திரையே வேண்டாம், தாத்தா பாட்டியோடு வீடியோ அழைப்பு மட்டும் விலக்கு. 18 மாதம் முதல் 6 வயது வரை பள்ளிக்கு வெளியே ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்குள். 7 முதல் 12 வரை, படிப்புக்குப் போக இரண்டு மணி நேரத்துக்குள், சமூக ஊடகம் வேண்டாம். 2026 ஜனவரி முதல் உயர்நிலைப் பள்ளிகளில் இடைவேளை, இணைப்பாட நேரம் உட்பட பள்ளி நேரம் முழுக்கவே ஸ்மார்ட்போன் பயன்படுத்தக் கூடாது. வாட்ஸ்அப்புக்கே 13 வயது.

தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இ முடிந்ததும் ஸ்மார்ட்போன் என்பது பல வீடுகளில் வழக்கமாகிவிட்டது. வயது சரி. ஆனால் தேர்வுக்குப் பரிசாகக் கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. பரிசு என்று கொடுத்துவிட்டால் அது பிள்ளையின் சொத்து, அதற்குப் பிறகு விதி போட முடியாது. "இது வீட்டுப் போன், உன் பொறுப்பில் இருக்கிறது, ராத்திரி ஒன்பதரைக்கு ஹாலில் சார்ஜ் போட வேண்டும்" என்று முதல் நாளே சொல்லிக் கொடுப்பது வேறு.

பஸ்ஸில் தனியாகப் போகும் பிள்ளைக்குப் பட்டன் போன் போதும், ஒன்பது வயதிலேயே தரலாம். மேசை இழுப்பறையில் கிடக்கும் பழைய போனைத் தேடாதீர்கள். இங்கே 2ஜி சேவை 2017-லும் 3ஜி சேவை 2024-லும் நின்றுவிட்டன. 4ஜி-யில் குரல் அழைப்பு வரும் மாடலாகப் பார்த்து வாங்க வேண்டும்.

பொறுத்திருப்பதற்கும் விலை உண்டு. வகுப்பு நண்பர்களின் குழுவில் நம் பிள்ளை இருக்காது, யார் வீட்டில் பிறந்தநாள் என்று கடைசியாகத் தெரியும். அந்த வருத்தம் உண்மையானது, "அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்று தட்டிவிடக் கூடாது. அம்மாவின் போனிலிருந்து சாயங்காலம் பத்து நிமிடம் நண்பர்களோடு பேச விடலாம். முன்கூட்டியே கொடுப்பது நல்லது என்று சொல்லும் சூழலும் இருக்கிறது. சர்க்கரை நோய்க்கு உடம்பில் பொருத்தும் அளவீட்டுக் கருவி வைத்திருக்கும் பிள்ளை, அம்மா ஒரு வீடு அப்பா ஒரு வீடு என்று மாறி மாறி இருக்கும் பிள்ளை. இவர்களுக்குப் பன்னிரண்டு வரை காத்திருக்கச் சொல்ல மாட்டேன்.

அடுத்து சினிமா. இங்கே என்சி16, எம்18, ஆர்21 தரமுள்ள படங்களுக்கு வாசலிலேயே தடுத்துவிடுவார்கள். அம்மா அப்பா கூட இருந்தாலும் வயது குறைந்த பிள்ளைக்கு அனுமதி இல்லை. தமிழ்நாட்டில் யு/ஏ சான்றிதழோடு ஓடும் வெட்டுக்குத்துப் படம் இங்கே என்சி16 ஆவது உண்டு. முதல் நாள் முதல் காட்சிக்குக் குடும்பத்தோடு டிக்கெட் எடுத்துவிட்டு வாசலில் தவிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பணம் கட்டும் முன் தரத்தைப் பாருங்கள். பிஜி13 என்பது அறிவுரைதான், யாரும் தடுக்க மாட்டார்கள். அதனால் முடிவு முழுக்க நம் தலையில். என் வழி, பெரியவர் ஒருவர் முதலில் பார்ப்பது. ரத்தத்தை விட நான் அதிகம் கவனிப்பது, பெண்ணைத் துரத்துவதைக் காதலாகக் காட்டுகிறார்களா என்பதை. வீட்டில் ஓடிடி-யில் வாசலும் இல்லை, காவலும் இல்லை. பெரியவர்கள் படம் பார்க்கும் சோபாவுக்குப் பின்னால் உட்கார்ந்து வீட்டுப்பாடம் செய்யும் பிள்ளையும் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது.

பொறுத்திருப்பதே திரும்ப வாங்க முடியாததாகிவிடும் இடம் ஒன்று உண்டு. தாத்தாவோ பாட்டியோ இறந்துபோனால் பிள்ளையைக் கூட்டிப் போகலாமா என்று கேட்பார்கள். பலர் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் போகிறார்கள். நான் கூட்டிப் போகச் சொல்வேன், ஐந்து வயதானாலும். புளோக்கின் கீழ்த்தளத்தில் உடல் வைத்திருக்கும் இடத்தில் என்ன நடக்கும், பெரியவர்கள் சத்தமாக அழுவார்கள், தாத்தா தூங்கவில்லை, இனி எழுந்திருக்க மாட்டார் என்று போகும் முன்பே சொல்லிவிட வேண்டும். மண்டாய் தகனச்சாலை வரை வருகிறதா என்பதைப் பிள்ளையே சொல்லட்டும். பாதியில் வீட்டுக்குப் போக வேண்டும் என்றால் உடனே கூட்டிப் போக அத்தையோ மாமாவோ ஒருவர் தயாராக இருக்க வேண்டும். ரோலர் கோஸ்டரை அடுத்த வருஷம் ஏறலாம், தாத்தாவை வழியனுப்ப இன்னொரு நாள் கிடையாது.

## ஒரே பார்வையில்

சட்டமும் நிறுவன விதியும் தவிர மற்ற வயதுகள் என் கணிப்பு. உங்கள் பிள்ளையைப் பார்த்து ஓரிரு வயது கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள்.

| விஷயம் | பொருந்தும் வழி | ஏறக்குறைய எப்போது | தெரியாமல் வரும் செலவு |
|---|---|---|---|
| ஊபின், கடற்கரை, சிறுவர் தோட்டம் | இப்போதே | எந்த வயதும் | துவைக்கும் துணி |
| பெரிய ரோலர் கோஸ்டர் | உயரம் வந்ததும் | 125 செ.மீ. | ஒருவர் வெளியே நிற்க வேண்டும் |
| நைட் சஃபாரி | பிறகு | 6 | கெட்டுப்போகும் தூக்கம் |
| டீ | அளவோடு | 6-க்கு மேல், வார இறுதியில் | இரும்புச் சத்து, சர்க்கரை |
| பபிள் டீ | அளவோடு | 10 | வாராவாரம் கேட்கும் பழக்கம் |
| கம்பி மத்தாப்பு | கூட இருந்து | 5-க்கு மேல் | சூடான கம்பி |
| பால்குடம் | படிப்படியாக | 8 | ஒரு வருஷப் பழக்கம் |
| தனியாகப் பஸ் | படிப்படியாக | 9, 10 | நம் நேரம் |
| ஸ்மார்ட்போன் | பிறகு | 12, 13 | பிள்ளையின் தனிமை |
| பிஜி13 படம் | பெரியவர் பார்த்த பிறகு | 11-க்கு மேல் | ஒருவருக்கு இரண்டு டிக்கெட் |

## வீட்டில் ஒத்துப்போகாதபோது

எவ்வளவு யோசித்து முடிவெடுத்தாலும் பாட்டி வீட்டில் அது செல்லாது. எல்லாவற்றுக்கும் சண்டை போட்டால் எதிலுமே ஜெயிக்க முடியாது. தேன், முழுக் கடலை, மத்தாப்பு, யூடியூப்: இந்த நான்கில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். "அத்தை, டாக்டர் வேண்டாம்னு சொல்லிருக்காங்க" என்று மெதுவாக, ஆனால் ஒவ்வொரு முறையும் சொல்லுங்கள். மற்றபடி பாட்டி வீட்டில் ஒரு வாய் டீ கூடுதலாகக் கிடைப்பதில் ஒன்றும் ஆகிவிடாது. அந்த வீட்டு விதி அந்த வீட்டோடு.

தம்பி தங்கைகள்தான் கடினம். அக்காவுக்குப் பத்து வயதில் கிடைத்தது தம்பிக்கு ஏழிலேயே கிடைத்துவிடுகிறது, நமக்கும் அலுத்துப்போகிறது. டீ, படம் போன்றவற்றில் இது நடந்தே தீரும். போனில் மட்டும் நடக்க விடாதீர்கள். பெரியவளுக்குக் கொடுக்கும் அதே நாளில் சின்னவனுக்கு எந்த வயதில் என்று அவன் முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். அதுவரை அவனுக்கென்று வேறு ஒன்றைத் திறந்துவிடுங்கள். கீழே இருக்கும் கடைக்குத் தனியாகப் போய் ரொட்டி வாங்கி வருவது, பஸ்ஸில் மணி அழுத்தும் பொறுப்பு, ஞாயிறு காலைத் தோசைக்குச் சட்னி அரைப்பது. அவனுக்கும் ஏதோ ஒன்றில் வயது வந்துவிட்டது என்று தெரிந்தால், அக்காவின் போனுக்காக அடம்பிடிப்பது பெரும்பாலும் குறைந்துவிடும்.